ஆம்ப்ளிஃபயருக்குத் தனி லைன் இழுத்தும் ஹம் போகவில்லையா? அனுபவங்களைப் பகிருங்கள்

நியூட்ரல்வாசி:
மற்ற கருவிகளின் தொல்லை ஆம்ப்ளிஃபயருக்கு வராமல் இருக்கத்தான் தனி லைன். டிபியிலிருந்து (வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டி) 4 ஸ்கொயர் (சதுர மிமீ) ஒயர், 16 ஆம்ப் எம்சிபி (மின்னோட்டம் மீறினால் தானே விழும் சுவிட்ச்), 16 ஆம்ப் சாக்கெட், எல்லாம் புதுசு. ஆனாலும் டர்ன்டேபிளில் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) ஹம், அதாவது ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற உறுமல், அப்படியே. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஹம் ஒரு படி ஏறுகிறது. சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 1 வோல்ட்டிலிருந்து 3 வரை துள்ளி இறங்குகிறது. தனி லைனில் ஃபிரிட்ஜுக்கு என்ன வேலை?

டிபியைத் திறந்தால் விடை. பேஸும் எர்த்தும்தான் அங்கிருந்து போயிருக்கின்றன. நியூட்ரலை வழியிலுள்ள சுவிட்ச் பாக்ஸில், ஃபிரிட்ஜ் நியூட்ரலோடு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். பேஸ் ஒரு வழி, நியூட்ரல் வேறு வழி என்றால் நடுவில் பெரிய வளையம் உருவாகிறது. அதன் காந்தப்புலத்தை டர்ன்டேபிள் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் அப்படியே பிடித்துக்கொள்ளும். வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி (பேஸிலும் நியூட்ரலிலும் மின்னோட்டம் சமமில்லாவிட்டால் விழும் சுவிட்ச்) என்பதால் டிரிப்பும் ஆகவில்லை. பகுதிக்கு ஒன்று இருந்தால் லோடு போட்டதுமே விழுந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

சோதிப்பது சுலபம். டிபியில் அந்த லைனின் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கிளாம்ப் மீட்டருக்குள் விட்டு லோடு போடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வரவில்லை என்றால் நியூட்ரல் இரவல். மூன்று ஒயரும் ஒரே பைப்பில் வர வேண்டும். மறுபடி அப்படி இழுத்த பிறகுதான் ஹம் அடங்கியது.

டொராய்டு:
எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. 1000 விஏ டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்). சுவிட்ச் போட்டால் சில சமயம் எம்சிபி டப்பென்று விழும், சில சமயம் ஒன்றும் ஆகாது. ஆம்ப்பில் ஷார்ட் என்று சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆம்ப்பில் குறையே இல்லை. ஏசி அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தில் சுவிட்ச் விழுந்தால் டொராய்டு கோர் நிறைந்து, ஒரு கணம் பத்துக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அலையின் உச்சியில் விழுந்தால் சாது. பி டைப் 16 ஆம்ப் எம்சிபி 48 முதல் 80 ஆம்பியருக்குள் உடனே விழும். சி டைப் என்றால் 80 முதல் 160. சி போட்டதும் சரியானது.

தயவுசெய்து 32 ஆம்ப் எம்சிபி போடாதீர்கள். 16 ஆம்ப் சாக்கெட்டை அது காப்பாற்றாது. சி டைப்பிலும் விழுந்தால் சாஃப்ட் ஸ்டார்ட் வையுங்கள். தொடக்கத்தில் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் போகும், அரை நொடி கழித்து ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) அதை ஷார்ட் செய்துவிடும்.

ஸ்பீக்கரில் இல்லாமல் பெட்டியிலேயே உறுமல் கேட்டால் அது பெரும்பாலும் லைனில் கலந்த டிசி (ஒரே திசை மின்சாரம்). ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்தால் சில மாடல்களில் ஒற்றை டயோடு பாதி அலையை வெட்டிவிடும். டொராய்டுக்கு அது ஆகாது. இதற்கு எர்த் குழி தோண்டிப் பயனில்லை.

ஆறுஸ்கொயர்:
4 ஸ்கொயர் போட்டதே தப்பு. பவர் சப்ளை கெபாசிட்டர்கள் அலையின் உச்சியில் மட்டும்தான் மின்சாரத்தை உறிஞ்சும், சராசரியைப் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. 6 ஸ்கொயர் போடுங்கள். ஜப்பானில் சிலர் ஆடியோவுக்கென்று தனி மின்கம்பமே நட்டுக்கொள்கிறார்கள், அவர்கள் என்ன முட்டாள்களா?

நியூட்ரல்வாசி:
சார், அங்கே 100 வோல்ட். அதே வாட்டுக்கு நம்மைவிட 2.3 மடங்கு மின்னோட்டம். அதே ஒயரில் இழப்பு சதவீதம் 5 மடங்குக்கு மேல். அவர்கள் கவலை அவர்களுக்கு. உச்சி மின்னோட்டம் 10 ஆம்பியர் என்றே வைப்போம். 20 மீட்டர் தூரம், போக வர 40 மீட்டர். 2.5 ஸ்கொயரில் 3.2 வோல்ட் குறையும், 4ல் 2 வோல்ட், 6ல் 1.3. நீங்கள் சொல்வதில் லாபம் 0.7 வோல்ட். சாயங்காலம் தெருவில் எல்லாரும் ஏசி போட்டால் அதைவிடப் பல மடங்கு ஆடும். போதாததற்கு 6 ஸ்கொயர் 16 ஆம்ப் சாக்கெட் டெர்மினலில் ஒழுங்காக உட்காராது. எலக்ட்ரீஷியன் நாலைந்து இழையை வெட்டித்தான் திணிப்பார். அந்த இடம்தான் முதலில் சுடும்.

எர்த்குழி:
கேபிள் டிவியின் கோஆக்ஸை (சிக்னல் வரும் கேபிள்) ஏவி ரிசீவரோடு சேர்ந்த செட்டாப் பாக்ஸில் மாட்டும்போது நுனியில் சின்னப் பொறி. மாட்டினால் ஹம், கழற்றினால் அமைதி. லைன் புதுசு, எர்த்தும் நல்ல எர்த். மாடியில் கோஆக்ஸின் வெளிக்கம்பி வேறொரு எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதற்குப் பலர் செய்வது பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது. ஹம் போகும், உண்மை. உள்ளே இன்சுலேஷன் போனால் பெட்டியே பேஸாகிவிடும் என்பதும் உண்மை. கோஆக்ஸில் ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு எர்த் தொடர்பை மட்டும் அறுக்கும் சின்னக் கருவி) போடுங்கள், எர்த்தைத் தொடாதீர்கள். ஆடியோவுக்கென்று தனிக் குழி தோண்டி வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவதும் அதே ஆபத்துதான். அருகில் இடி விழுந்தால் இரண்டு குழிகளுக்கும் நடுவே வரும் வோல்டேஜ் உங்கள் கருவி வழியாகத்தான் போகும். புதுக் குழி வேண்டுமானால் தோண்டுங்கள், டிபி எர்த் பாரில் சேர்த்துவிடுங்கள்.

கேட்காமலே சொல்கிறேன், இன்னும் சில. பைப் 25 மிமீ போடுங்கள், 20ல் 4 ஸ்கொயர் மூன்று இழுப்பதற்குள் இன்சுலேஷன் உரசலாம். வழியில் ஜாயின்ட் வேண்டாம். ஒயர் நுனிக்கு ஃபெரூல் (சின்ன உலோகக் குழல்) போட்டு முடுக்குங்கள், ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூவை மறுபடி பாருங்கள். சிக்னல் கேபிள் இதே பைப்பில் வரக்கூடாது, குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். த்ரீ பேஸ் வீட்டில் எல்லாக் கருவியும் ஒரே பேஸில் இருக்கட்டும், ஒரே ரேக்குக்குள் 400 வோல்ட் எதற்கு? அந்த அறையில் பழைய டிம்மர் டைப் ஃபேன் ரெகுலேட்டர் இருந்தால் ஸ்டெப் டைப்புக்கு மாற்றுங்கள். "ஸ்ஸ்ர்ர்" என்ற இரைச்சலுக்குப் பாதி நேரம் காரணம் அதுதான், லைன் இல்லை.

ஆறுஸ்கொயர்:
தம்பி கணக்கு சரிதான், ஆனாலும் நான் 6தான் போடுவேன். ஒரு சந்தேகம். ப்ரீஆம்பை (பவர் ஆம்ப்புக்கு முன்னால் வரும் ஆம்ப்ளிஃபயர்) மட்டும் இன்வெர்ட்டர் லைனில் வைக்கலாமா?

எர்த்குழி:
வேண்டாம் அண்ணே. கரண்ட் போனால் பவர் ஆம்ப் எப்படியும் நின்றுவிடும், ப்ரீஆம்ப் மட்டும் ஓடி என்ன பயன்? கரண்ட் இருக்கும்போதும் எர்த் இரண்டு பாதையில் வந்து வளையம் போடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ப்ரீஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரே கத்தும். இரண்டையும் அந்தப் புது சாக்கெட்டிலேயே, ஒரே ஸ்பைக் கார்டில் போடுங்கள்.