ஆட்டு இதயத்தில் இடது சுவர் மட்டும் ஏன் இவ்வளவு தடிப்பு?

ஹட்டன் உயர்தர உயிரியல்:
செய்முறைக்கு ஆட்டு இதயம் வெட்டப்போகிறோம். இடது இதயவறையின் (கீழறையின்) சுவர் வலதைவிட நன்றாகத் தடிப்பு. ஆனால் பிறந்த குழந்தையில் இரண்டும் ஏறக்குறைய சமமாமே? எப்போது மாறுகிறது? வயது போனால் தசை மெலியுமா? நுவரெலியா உயரத்தில் வாழ்வதும் காரணமாகுமா?

பண்டாரவளை ஆசிரியை:
தம்பி, எந்த அமுக்கத்தை எதிர்த்துத் தள்ளுகிறதோ அதற்கேற்பத்தான் சுவர் தடிக்கும். கருவில் சுவாசப்பைகள் விரிந்திருக்காது. வலது அறை தள்ளும் குருதியில் பெரும்பகுதி, சுவாசப்பை நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் சிறு குழாய் வழியாகப் பெருநாடிக்கே போய்விடும். அதனால் இரு அறைக்கும் ஒரே சுமை. முதல் மூச்சோடு சுவாசப்பைப் பக்க எதிர்ப்பு இறங்கும், சில நாட்களில் அந்தக் குழாயும் அடைபடும். பிறகு உடல் முழுவதற்கும் தள்ளும் இடதுதான் வேகமாகத் தடிக்கும். வளர்ந்தவரில் இடது ஏறக்குறைய 10 மி.மீ., வலது 3–5 மி.மீ.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள்: தடிப்பது கலங்கள் பெருகியல்ல, பெருத்து. பிறந்து சிறிது காலத்திலேயே இதயத்தசைக் கலப்பிரிவு மிக அருகிவிடும். 25 வயதில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1% கலங்களே புதிதாகின்றன, 75இல் அதில் பாதிக்கும் குறைவு. மாரடைப்பில் இறந்துபோன தசை வடுவாகவே நிற்பது இதனால்தான்.

தலவாக்கலை தாதி:
முதுமையில் சுவர் மெலிவதில்லை, கொஞ்சம் தடிக்கவே செய்யும். சில கலங்கள் இறக்க, மிஞ்சியவை பருமனாகும். இடைவெளியில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் நிரம்பி இறுகும். பெருநாடியும் விறைப்பதால் சுமை இன்னும் கூடும். சுருங்கும் பலம் ஓய்வில் பெரிதாகக் குறையாது, தளர்ந்து நிரம்புவதுதான் தாமதமாகும். லயத்துப் படி ஏற மூச்சு வாங்கினால் "வயசுதானே" என்று தயவுசெய்து விடாதீங்க. எகோவில் (இதய ஸ்கேனில்) எவ்வளவு குருதி வெளியேறுகிறது என்பது சரியாக இருந்தாலும், தளர்வு எப்படி என்று டொக்டரிடம் கேளுங்க. பிரஷரும் பாருங்க.

நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர். உயரத்தால் வலது அறை தடிப்பது பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேல் நிரந்தரமாக வாழ்பவர்களில்தான்.

ஹட்டன் உயர்தர உயிரியல்:
நன்றி மிஸ், நன்றி அக்கா. எந்த இடத்தில் அளக்கிறது?

பண்டாரவளை ஆசிரியை:
நுனிக்கும் சோணையறைகளுக்கும் (மேலறைகளுக்கும்) நடுவே குறுக்காக, ஒரே வெட்டில். இடது வட்டமாகவும், வலது அதைத் தழுவிய பிறை போலவும் தெரியும். வெளிக் கொழுப்பையும் உள்ளே துருத்தும் தசைத் தூண்களையும் சேர்த்து அளந்தால் கணக்குப் பிழைக்கும். இறந்தபின் சுருங்கி இறுகிய இதயத்தில் சுவர் கூடுதல் தடிப்பாகத் தெரியும், ஆகவே இரண்டு சுவரையும் ஒரே இதயத்திலேயே ஒப்பிடுங்கள். இன்னொரு இதயம் கிடைத்தால் நன்றாக அவித்து நாரை உரித்துப் பாருங்கள்: வெளிநார் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நடுநார் வட்டமாக ஓடும், உள்நார் எதிர்ப்பக்கம் சாயும். இதயம் ஈரத்துணி பிழிவதுபோல் முறுகிச் சுருங்குவது அந்த அமைப்பால்தான்.