கலைச்சொல்: இறந்த இயேசுவுக்காக அழும் ஓவியங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மறுமலர்ச்சிக்காலச் சமய ஓவியங்களில் இயேசுவின் இறப்புக்காக அழும் காட்சிகள் அனைத்தையும் நம் கலைச்சொல் தொகுப்பில் ‘துயர ஓவியம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. உடலை இறக்குவது, சூழ்ந்து அழுவது, தாய் தனியே மடியில் தாங்குவது, கல்லறையில் வைப்பது ஆகியவற்றை ஓவியர்கள் தனித்தனிக் காட்சிகளாகவே வளர்த்தார்கள். முதலாவதற்குச் ‘சிலுவையிறக்கம்’, கடைசிக்கு ‘அடக்கம்’ என்பவை போதும். இடையிலுள்ள இரண்டுமே சிக்கலானவை.

முதலில், சூழ்ந்து அழும் காட்சி. இத்தாலியின் பதுவா நகரிலுள்ள ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஏறத்தாழ 1305இல் ஓவியர் ஜொத்தோ தீட்டிய சுவரோவியத்தில், மரியா மகனின் கழுத்தைச் சுற்றிக் கையிட்டு முகத்தோடு முகம் நெருங்கியிருக்கிறார். இயேசுவைப் பின்பற்றிய மகதலேனா பாதங்களைப் பற்றியிருக்கிறார். சீடர் யோவான் இரு கைகளையும் பின்னே வீசிக் குனிகிறார். நமக்கு முதுகுகாட்டி அமர்ந்த இரு பெண்களின் முகம் தெரியாமலே அவர்களின் துயரம் தெரிகிறது. இந்த வகைக்குக் ‘கையறுநிலை’ என்று ஒரு நண்பர் பரிந்துரைத்தார். ‘ஒழிந்தோர் புலம்பிய’ (இறந்தவருக்காக எஞ்சியோர் புலம்புவது) என்ற தொல்காப்பிய இலக்கணம் வியக்கத்தக்க அளவு பொருந்தினாலும், அது புறப்பொருள் பாடல்வகை ஒன்றின் பெயராக நிலைத்துவிட்டதால் அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. சுற்றத்தார் கூடி அழுவதைக் குறித்த ‘பூசல் மயக்கு’ என்ற பழைய புறத்துறைப் பெயர் இன்னும் நெருக்கமானது. ஆனால் இன்றைய வாசகருக்குப் பூசல் என்றால் சண்டை. ஆகவே ‘சூழ்புலம்பல்’ என்பதை முன்வைக்கிறேன். வாய்திறவாமல் அழுவோருக்குப் புலம்பல் பொருந்துமா என்று கேட்கலாம்; ‘புலம்பே தனிமை’ என்பதும் தொல்காப்பியம்தான், அதாவது புலம்பு என்பது வாய்விட்டு அழுவதை மட்டுமல்ல, தனிமையையும் குறிக்கும்.

தாயும் மகனும் மட்டுமே உள்ள வகை, 1300 அளவில் ஜெர்மானிய மரச்சிற்பங்களில் தோன்றி, 1499 அளவில் முடிந்த மைக்கலாஞ்சலோவின் பளிங்குச் சிற்பத்தால் உலகறிந்தது. ‘அன்னைமடி’ என்றால் குழந்தை இயேசுவை ஏந்திய படங்களும் அதில் அடங்கிவிடும். ‘வியாகுல மாதா’ என்பதோ நம் ஆலயங்களில் வேறொரு திருவுருவத்தின் பெயர். ‘அன்னைமடித்துயர்’ என்றால் இரண்டு குழப்பமும் நீங்கும்.

ஃபுளோரன்ஸின் சாந்தா ஃபெலிச்சித்தா ஆலயத்தில் 1525–28இல் இத்தாலிய ஓவியர் பொந்தோர்மோ தீட்டிய பலிபீட ஓவியம் மட்டும் எந்த வகையிலும் அடங்க மறுக்கிறது. அதில் சிலுவையும் இல்லை, கல்லறையும் இல்லை. இரு இளைஞர்கள் உடலைச் சுமக்க, தாய் மயங்கிச் சாய்கிறார். அதைத் தொகுப்பில் வழக்கப்படி சிலுவையிறக்கம் என்றே பதிந்து, கல்லறைக்குக் கொண்டுசெல்லும் காட்சியாகவும் கொள்ளப்படுவதை விளக்கத்தில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் எழுத வேண்டுகிறேன்.