போரைப் படிக்க ஒரு முதுகலை தேவையா?

சதுரங்கன்:
என் தம்பி போர், பாதுகாப்பு, அமைதி என்று மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறானாம். வீட்டில் எல்லோரும் சரி என்கிறார்கள், நான் மட்டும்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். பனிப்போரை வைத்தே நாற்பது வருடம் பிழைத்த துறை இது, ஆனால் 1991-ல் சோவியத் ஒன்றியம் சரிந்தபோது அதில் இருந்த பெரிய தலைகளில் பெரும்பாலோர் அதை எதிர்பார்க்கவே இல்லை. அப்படிப்பட்ட படிப்புக்குக் கல்விக்கடன் வேறு. நல்ல வரலாற்றுத் துறையில் சேர்ந்தால் போதாதா?

மழைக்குருவி:
நிலநடுக்கம் எந்தத் தேதியில் வரும் என்று சொல்லத் தெரியாததால் புவியியல் துறையை இழுத்து மூடிவிடலாமா? ஜோசியம் இங்கே பாடமே இல்லை. அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபியரான் 1995-ல் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள்: போரில் இரண்டு தரப்புக்கும் நஷ்டம், கடைசியில் எப்படியும் ஏதோ ஒரு பங்கீட்டில்தான் வந்து நிற்கப் போகிறார்கள், அப்படியானால் அதே பங்கீட்டைச் சண்டைக்கு முன்பே பேசி முடிக்க முடியாமல் போவது ஏன்? தன் உண்மையான பலத்தை எதிரியிடம் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, இன்றைக்குக் கொடுத்த வாக்கை நாளைக்குக் காப்பாற்றுவான் என்று நம்பவும் வழியில்லை. உள்நாட்டுப் போர்களில் இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். ஒப்பந்தம் போட்ட பிறகு கிளர்ச்சிக்காரர்கள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்த நிமிடத்திலிருந்து அவர்களிடம் பேரம் பேச ஒன்றுமில்லை. அதனால்தான் வெளியிலிருந்து ஒரு மூன்றாம் தரப்பு காவலுக்கு நிற்காமல் இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் நிலைப்பது கஷ்டம் என்று பார்பரா வால்டர் என்ற அரசியல் ஆய்வாளர் பல போர்களை ஒப்பிட்டுக் காட்டினார். ஒரே ஒரு போரின் வரலாற்றை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது.

சதுரங்கன்:
ஆயுதத்தைக் கீழே வைத்தவன் அடி வாங்குவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதற்கு எதற்கு முனைவர் பட்டம்?

ஓரத்து நாற்காலி:
நானும் இந்தப் படிப்பைக் குறைசொல்பவன்தான், ஆனால் சதுரங்கன் சொல்லும் காரணத்துக்காக இல்லை. பல பாடத்திட்டங்களைத் திறந்து பாருங்கள். அணு ஆயுதத் தடுப்பு, பயங்கரவாதம், உளவு, இணையத் தாக்குதல் என்று வரிசையாகப் போய், கடைசி வாரத்தில், எல்லோரும் தேர்வுக்கு ஓடும் நேரத்தில், 'அமைதி' என்று ஒரு வகுப்பு இருக்கும். யாருடைய பாதுகாப்பு என்று கேட்க ஆளில்லை. 1959-ல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய யோகான் கால்டுங், பத்து வருடம் கழித்து எழுதிய கட்டுரையில் காசநோயை உதாரணம் காட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் அதில் இறந்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, மருந்து இருக்கும் காலத்தில் ஒருவர் அதில் இறந்தால் அதுவும் வன்முறைதான் என்றார். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தால் அமைதி வந்துவிட்டது என்று சொல்லிக்கொடுக்கும் இடத்தில் படித்து என்ன பயன்?

கணக்குப்பிள்ளை:
குறைசொல்லும் இரண்டு பேருமே வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் பேசுகிறீர்கள். எங்களுக்குத் தந்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு சந்தையில் தாக்குதல் (கற்பனைதான், ஆசிரியர் எழுதியது). 12 ஆயுததாரிகளைக் கொன்றோம் என்கிறது அரசு வானொலி. இறந்த 30 பேரும் பொதுமக்கள் என்கிறது கிளர்ச்சிக் குழு. 19 உடல்கள் வந்தன என்று மருத்துவமனை ஊழியர் ஒருவர் செய்தியாளரிடம் சொல்லியிருக்கிறார். இதை, உலகெங்கும் நடக்கும் மோதல்களையும் சாவுகளையும் பதிவு செய்யும் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத்தளத்தில் இருப்பது போல ஒரு வரியாக மாற்ற வேண்டும்: கொன்றது யார், இறந்தது யார், எந்த இடம், குறைந்த மதிப்பீடு, சிறந்த மதிப்பீடு, அதிக மதிப்பீடு. இரண்டு படைகளும் மோதியபோது நடுவில் மாட்டி இறந்த பொதுமக்கள் அந்த மோதலின் கணக்கில் சேர்வார்கள். அவர்களையே குறிவைத்துக் கொன்றிருந்தால் அது ஒருதலை வன்முறை, வேறு பட்டியல். அதே உடல்கள்தான், கட்டம் மாறிவிடும். ஒரு மதியம் முழுக்க வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. உலகில் போர் கூடுகிறதா குறைகிறதா என்று செய்தித்தாளில் ஒரு வரைபடம் பார்க்கிறீர்களே, அதற்கு அடியில் இப்படி ஆயிரக்கணக்கான முடிவுகள் கிடக்கின்றன. அந்த வரைபடத்தை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்ல ஆள் வேண்டாமா?

ஓரத்து நாற்காலி:
அதே உப்சாலாவில் ஒரு வருடத்தில் 25 பேர் சண்டையில் இறந்தால்தான் அது மோதல், 1000 பேர் இறந்தால்தான் போர். 24 பேர் செத்தால் ஒன்றும் நடக்கவில்லையா? மருத்துவமனை இடிந்ததால் பிரசவத்தில் செத்தவர்களையும் முற்றுகையில் பட்டினியால் செத்தவர்களையும் அந்தக் கணக்கில் காணோமே.

கணக்குப்பிள்ளை:
காணோம்தான். எதைச் சேர்க்கவில்லை என்பதை விதிப்புத்தகத்தில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், யாரும் ஒளிக்கவில்லை. கோடு எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும். எல்லாமே வன்முறை என்றால், நாளைக்குப் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கப் போகிறவர் எதை எண்ணுவார்?

ஓரத்து நாற்காலி:
எண்ண முடிந்ததை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பி வருவார். அதுதான் என் பிரச்சினையே.

சதுரங்கன்:
இதெல்லாம் இருக்கட்டும் சாமிகளா, வேலை கிடைக்குமா?

மழைக்குருவி:
பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். உதவி நிறுவனங்கள், செய்தி நிறுவனங்கள், அரசுத் துறைகள், அபாய மதிப்பீடு செய்யும் கம்பெனிகள் என்று போகிறவர்கள் உண்டு, அங்கே கேட்பது ஒரு வட்டாரத்தை அதன் மொழியோடு தெரியுமா, தரவைக் கையாளத் தெரியுமா, இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதத் தெரியுமா என்பதுதான். உதவித்தொகை இல்லாமல் கடன் மட்டும் வாங்கிப் போவதென்றால் நான் உங்கள் பக்கம். அப்புறம், ஆய்வுமுறைத் தாள் இல்லாத இடம் என்றால் உதவித்தொகையே கொடுத்தாலும் வேண்டாம்.

சதுரங்கன்:
தம்பியிடம் இப்போதுதான் கேட்டேன். ஆய்வுமுறை விருப்பப் பாடமாம். "அது கணக்கு மாதிரி இருக்கு, எடுக்கப் போறதில்லை" என்கிறான்.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் நீங்கள் தாராளமாகக் கத்தலாம்.