இந்தியாவில இருந்து திரும்பி வந்த பிள்ளையளுக்கு மாலை வகுப்பு: எதில தொடங்கிறது?

குளக்கட்டு:
வணக்கம். இலங்கையில வவுனியா நெடுங்கேணிப் பக்கம், தமிழ்நாட்டு அகதி முகாம்களில பிறந்து வளர்ந்து பெற்றோரோட திரும்பின பிள்ளையள் 14 பேர், 10 வயசில இருந்து 16 மட்டும். பொதுநோக்கு மண்டபம் கிழமைக்கு மூண்டு நாள் கிடைக்கும், படிப்பிக்க ரெண்டு பேர் இருக்கினம். பிள்ளையள் தமிழ் நல்லா வாசிக்கினம், ஆனா விஞ்ஞானத்தில புள்ளி விழுது. ரியூசன் மாதிரி நடத்தவோ, வேற விதமாவோ?

வெண்கட்டி:
ரியூசன் வேண்டாம். பாடம் விளங்காமலில்லை, சொல் மாறினதுதான் சிக்கல். ஆக்சிஜன் இங்க ஒட்சிசன், செல் இங்க கலம், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு, முடுக்கம் ஆர்முடுகல். இதெல்லாம் புதுச்சொல், தெரியாட்டி பிள்ளை கேக்கும். ஆளைக் கவுக்கிறது ரெண்டு பக்கமும் இருக்கிற சொல். அங்கத்தை 'நிறை' இங்க திணிவு. இங்கத்தை 'நிறை' அங்க எடை. அங்கத்தை 'வேகம்' இங்க கதி. இங்கத்தை 'வேகம்' அங்க திசைவேகம். தெரிஞ்ச சொல்தானே எண்டு பிள்ளை துணிஞ்சு எழுதும், கணக்கு முழுக்கப் பிழைக்கும். திருத்திறவர் கவனயீனம் எண்டு வெட்டிவிடுவார்.

ஒரு கொப்பியில மூண்டு நிரல் கீறுங்கோ: அங்கத்தைச் சொல், இங்கத்தைச் சொல், படம். நாளுக்கு 8 சொல் காணும். நிறைக்கு விற்றராசில (சுருள்வில் தராசில) ஒரு கிலோ சீனிப் பையைக் கொழுவிக் காட்டுங்கோ: திணிவு 1 கிலோகிராம், நிறை கிட்டத்தட்ட 10 நியூற்றன். கண்ணால கண்டா மறக்காது.

பனங்கூடல்:
14, 15 வயசுக்காரருக்குச் சொல்லு மட்டும் காணாது. 11ஆம் ஆண்டு முடிவில எழுதிற சாதாரண தரப் பரீட்சையில (ஓ.எல்.) சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். தமிழ்நாட்டில சமயம் பரீட்சைப் பாடமில்லை, வரலாறு சமூக அறிவியலுக்குள்ள ஒரு பங்கு. அனுராதபுரக் காலம், பொலநறுவைக் காலமெல்லாம் அவைக்கு முழுக்கப் புதிசு. நேரே 10ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் குடுத்தா பாடமாக்கத்தான் பாப்பினம். 6ஆம் ஆண்டில இருந்து தொடங்கி, சுவரில நீளத்துக்கு ஒரு காலக்கோடு ஒட்டுங்கோ. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர தளத்தில புத்தகங்களை இலவசமா இறக்கலாம். சிங்களம் தெரிவுப் பாடம், அதுக்கு இப்ப அவசரமில்லை.

கச்சேரியடி:
படிப்பிக்க முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பைல் திறவுங்கோ. இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் காணாது. இலங்கைத் தூதரகத்தில பதிஞ்ச பிறப்புச் சான்றிதழும் குடியுரிமைச் சான்றிதழும் வேணும். 15 வயசில ஜீ.எஸ். (கிராம சேவகர்) ஊடாக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கேக்க இதுதான் தடக்கும். வழமையான பிழை பெயரிலதான்: அங்க தகப்பன்ர பெயர் ஓரெழுத்து, இங்க முழுசா முன்னுக்கு நிக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் தாயின்ர கடதாசியில ஒண்டு, பிள்ளையின்ரயில இன்னொண்டு. தாய் தகப்பன் முகாம் கோயிலில தாலி கட்டி, பதியாமல் விட்ட கலியாணமெண்டா இன்னும் இழுபடும். 10 வயசுக்காரருக்கு அஞ்சு வருசம் கையில இருக்கு, பெரிய பிள்ளையளின்ரயை முதல் பாருங்கோ.

குளக்கட்டு:
நன்றி அண்ணை. பைல் வேலையை இந்தக் கிழமையே தொடங்கிறம். உள்ளூர்ப் பிள்ளையளையும் சேர்க்கவோ?

வெண்கட்டி:
கட்டாயம். 14 பேரை மட்டும் வச்சா ஒரு மாசத்தில அது 'இந்தியாக்காரற்ற கிளாஸ்' ஆகிடும், பெரிய பிள்ளையள்தான் முதல்ல வராமல் விட்டிடுவினம். உள்ளூரில 10 பேரைச் சேருங்கோ. முதல் அரை மணித்தியாலம் கிளித்தட்டு விளையாட்டு, அணி கலந்துதான். பிறகு சொல்லுக் கொப்பியைச் சோடியா எழுதட்டும்: ஒருத்தர் அங்கத்தைச் சொல், மற்றவர் இங்கத்தைச் சொல். அப்ப வந்த பிள்ளைக்கும் சொல்லிக் குடுக்க ஏதோ இருக்கும்.

பிள்ளையளுக்குச் சாப்பிடக் கடலை அவிக்கிறதெண்டா ஆளுக்கு 50 கிராம், 24 பேருக்கு 1.2 கிலோ, முதல்நாள் இரவே ஊறப்போடவேணும். பெரியாக்கள் ரெண்டு பேரும் எப்பவும் நிக்கவேணும். ஒருத்தர் வராட்டி அண்டைக்கு வகுப்பில்லை. மூண்டரைக்குத் தொடங்கி அஞ்சேகாலுக்கு விடுங்கோ. ஆனை இறங்கிற பக்கம், பொழுதுபட்டா சைக்கிளில அனுப்பேலாது.