லெட்ச்வொர்த் முகாமுக்கு வீட்டு விறகு வேண்டாம்

முத்துவேல் பெரியப்பா (எடிசன், நியூ ஜெர்சி): அனைவருக்கும் வணக்கம். லெட்ச்வொர்த் மாநிலப் பூங்காவின் ஹைபேங்க்ஸ் முகாம் திடலில் வெள்ளி, சனி இரவுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு இடங்கள் கிடைத்துவிட்டன. சென்ற ஆண்டு நம் கொல்லையில் வெட்டிய ஆஷ் மரத்தின் விறகு நன்றாகக் காய்ந்து கிடப்பதால், அதையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

கயல்விழி (ராச்செஸ்டர்): மிக்க நன்றி, பெரியப்பா. ஆனால் விறகை மட்டும் தயவுசெய்து எடுத்து வராதீர்கள். சூட்டில் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுசெல்லக் கூடாது என்பது நியூயார்க் மாநிலத்தின் விதி. நீங்கள் வரும் தொலைவோ அதைப்போல் பல மடங்கு.

முத்துவேல் பெரியப்பா: ஓராண்டாக வெயிலில் காய்ந்த விறகால் என்ன கெடுதல் வந்துவிடும், அம்மா?

கயல்விழி: மரகதப் பச்சை நிறத்தில் அரை அங்குல நீள வண்டு ஒன்று இருக்கிறது, பெரியப்பா. கிழக்காசியாவிலிருந்து வந்த அதை 2002இல் டெட்ராய்ட் அருகே முதலில் கண்டார்கள். 2009இல் நியூயார்க்கிலும் கண்டுபிடித்தார்கள். அதன் புழுக்கள் ஆஷ் மரப்பட்டைக்கு அடியில் குடைந்து தின்பதால், மரத்துக்குள் நீரும் உணவும் செல்லும் வழி அறுபட்டு, சில ஆண்டுகளிலேயே மரம் பட்டுப்போகிறது. வண்டு தானாகப் பறந்து அதிக தூரம் போவதில்லை. நூற்றுக்கணக்கான மைல்களை அது கடந்தது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் ஏற்றிச் சென்ற விறகில்தான். வெட்டிப் போட்ட கட்டைக்குள்ளும் புழு உயிரோடு இருந்து, அடுத்த கோடையில் வண்டாக வெளிவரும். எங்கள் தெருவில் நிழல் தந்த ஆஷ் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்க்கப்பட்டதை நான் நின்று பார்த்திருக்கிறேன். அந்த வெட்டவெளி இன்னும் எனக்குப் பழகவில்லை.

செல்வி அத்தை (சிரக்கியூஸ்): கயல், முழங்கால் வலியோடு நான் அருவிகளைப் பார்க்க முடியுமா?

கயல்விழி: தாராளமாகப் பார்க்கலாம், அத்தை. 107 அடி உயரமுள்ள நடு அருவிக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தலாம். கீழ் அருவிக்குத்தான் படிகள் அதிகம். பூங்கா 17 மைல் நீளம் கொண்டது. முகாம் வடக்கிலும் அருவிகள் தெற்கிலும் இருப்பதால் காலையிலேயே கிளம்பிவிடுவோம். ஜெனசீ ஆறு ஆழமாக அறுத்த அந்தப் பள்ளத்தாக்கின் நிலத்தை வில்லியம் லெட்ச்வொர்த் 1906இல் மாநிலத்துக்குக் கொடையாகக் கொடுத்ததால்தான் நாம் இன்று அங்கே கூடாரம் அடிக்க முடிகிறது. அந்தக் காட்டுக்கு நாம் இந்த வண்டைக் கொண்டுபோகக் கூடாது.

முத்துவேல் பெரியப்பா: இப்போதுதான் டார்ச் விளக்கோடு கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டையின் பட்டையில், ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் மிளகளவுத் துளைகள் எட்டு இருக்கின்றன. பட்டையை நெம்பியதும், பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்து செல்லும் கோடுகளில் மரத்தூள் நிறைய அடைந்து கிடக்கிறது.

கயல்விழி: அந்த வண்டின் அடையாளமே அதுதான், பெரியப்பா. முகாமுக்கு வேண்டிய விறகை நான் பூங்காவுக்கு அருகிலேயே வாங்கி வைத்துவிடுகிறேன்.

முத்துவேல் பெரியப்பா: அப்படியே செய், அம்மா. இந்த விறகு முழுவதையும் நம் வீட்டுக் கணப்பிலேயே எரித்துத் தீர்த்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பென்சில்வேனியாவில் உள்ள தம் குடிலுக்காக இதில் பாதியைக் கேட்டிருந்தார்; நாளை காலை ஏற்ற வருவதாகச் சொன்னதால், இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.