டப்பாவின் அடியில் இருக்கும் எண் தரத்தைக் குறிக்கிறதா?

தெளிவுதேடி:
வணக்கம். சமையலறை அலமாரியை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் 1, 2, 5, 6 என்று எண்கள். எண் கூடக் கூடத் தரமும் கூடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? சூடான சாப்பாட்டை எதில் வைக்கலாம்? எண்ணே இல்லாதவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

அச்சுப்பட்டறை:
நான் மோல்டிங் வேலையில் இருப்பவன். அது மதிப்பெண் இல்லைங்க, எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதற்கான அடையாளம். பழைய பிளாஸ்டிக்கைப் பிரிக்க வசதியாக 1988-இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது.

சூட்டுக்கு 5-ஐ எடுங்கள். பாலிபுரோப்பிலீன். உருகவே 160 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும், அதனால் கொதிநீரைத் தாங்கும். ஆனால் மைக்ரோவேவில் வைப்பதென்றால் அதற்கான குறி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் கொதிநீரை விட அதிகமாகச் சூடேறும், 5 என்ற குறியை மட்டும் நம்பி வைக்க வேண்டாம்.

1 என்பது பெட், தண்ணீர் பாட்டில் வகை. 70, 80 டிகிரியிலேயே இளகிவிடும். கொதிநீர் ஊற்றினால் கண்ணெதிரே சுருங்கிக் கோணிப்போகும். 6 பாலிஸ்டைரீன். தெர்மாகோலும் அதுதான், அழுத்தினால் பட்டென்று விரிசல் விடும் தெளிவான டப்பாவும் அதுதான். சூடான எதையும் அதில் வைக்காதீர்கள். 2 என்பது ஷாம்பு பாட்டில் செய்யும் கெட்டிப் பாலிஎத்திலீன், தொட்டால் மெழுகு மாதிரி வழுக்கும். உலர்ந்த சாமான் போட்டு வைக்க நல்லது.

எண் இல்லையென்றால் ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். சோப்பு எதற்கென்றால், காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் எதுவும் மிதக்கும். 2, 4 (பை செய்யும் மெத்தென்ற பாலிஎத்திலீன்), 5 மேலே வரும். 1, 3, 6 அடியில் தங்கும். தெர்மாகோல் மட்டும் விதிவிலக்கு, அதற்குள் இருப்பது பெரும்பாலும் காற்று.

ஒரு விஷயம்: தீயில் காட்டி மணம் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 3, அதாவது பைப்பும் வயர் உறையும் செய்யும் பிவிசி, எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் வரும் புகை நுரையீரலை அரிக்கும்.

சரசரப்பை:
பைகளுக்குக் காதே போதும். கசக்கினால் சரசரவென்று சத்தம் போட்டால் பெரும்பாலும் 2. மெத்தென்று இழுபட்டால் 4.

தெளிவுதேடி:
நன்றிங்க. செய்து பார்த்தேன். தண்ணீர் பாட்டில் துண்டு மூழ்கியது, அதே பாட்டிலின் மூடி மிதக்கிறது! அப்புறம், பீங்கான் மாதிரி கனமான தட்டு ஒன்று இருக்கிறது. எண் இல்லை, வெட்டவும் முடியவில்லை.

அச்சுப்பட்டறை:
சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். பாட்டில் பெட், மூடி 2 அல்லது 5. மறுசுழற்சி ஆலையிலும் இரண்டையும் நறுக்கித் தண்ணீரில் போட்டு இப்படித்தான் பிரிக்கிறார்கள். கீல் வைத்துத் திறக்கும் ஷாம்பு மூடி இருந்தால் அந்த மெல்லிய மடிப்பைப் பாருங்கள், வெளுத்திருக்கும். ஆயிரக்கணக்கான முறை மடக்கினாலும் அறாது. பாலிபுரோப்பிலீனின் அந்தக் குணம் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

தட்டு அநேகமாக மெலமைன். அச்சில் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாத வகை, அதனால் மறுசுழற்சிக்குப் போடும் கூடையில் சேர்க்காதீர்கள். ஆறிய பண்டம் பரிமாறலாம். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. மேல்பூச்சு கீறி மங்கியிருந்தால் சாப்பாட்டுக்கு வேண்டாம், செடித்தொட்டிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.