வேலை சிங்கப்பூரில், குடியிருப்பு மலேசியாவின் ஜொகூர் பாருவில்: குடும்பத்தோடு போகலாமா?

நீலவானம்
வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். நான் சிங்கப்பூர்க் குடிமகன். மனைவி ஜொகூர் மாநிலத்தின் கூலாயில் பிறந்து வளர்ந்த மலேசியர், இங்கே நிரந்தரவாசி. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. மாமனார் இறந்த பிறகு மாமியார் கூலாயில் தனியாக இருக்கிறார், போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அதிலிருந்து மனைவிக்குத் தூக்கமே இல்லை. வீடு வாங்கி ஐந்து ஆண்டு தாண்டிவிட்டது, முழு வீட்டையும் வாடகைக்கு விட அனுமதி கேட்கலாம். ஜொகூர் பாருவில் மவுண்ட் ஆஸ்டின் பக்கம் ஒரு மாடி வீடு பார்த்தோம், வாடகை 2,200 ரிங்கிட். சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிற காலத்தில் கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. மனைவி வேலையை விட்டுவிடுவார், மாமியாரைக் கூட்டிவந்து வைத்துக்கொள்வோம், நான் மட்டும் தினமும் சிங்கப்பூரில் கிராஞ்சிக்கு வேலைக்கு வந்து போவேன். மனைவி மலேசியர் என்பதால் எனக்கு நீண்டகால அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இப்படிப் போனவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

காலை_நாலுமணி
வேண்டாம் அண்ணே. நான் மலேசியன், மாசாயிலிருந்து 11 வருடம் மோட்டாரில் போய் வந்தவன், அதனால் சொல்கிறேன். அலாரம் நாலு மணிக்கு, நாலரைக்கு வாசலில் வண்டி, ஆறு மணிக்குள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டவில்லை என்றால் அன்றைக்கு மேற்பார்வையாளர் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டு நாட்டையும் இணைக்கிற பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், அந்த ஒரு கிலோமீட்டரில் மழையில் ஆயிரக்கணக்கான மோட்டார்களுக்கு நடுவே காலை ஊன்றி ஊன்றி நகர்ந்த நாள்களை எண்ணிச் சொல்ல முடியாது. விரல் மழையில் ஊறிவிட்டால் இயந்திரம் ரேகையைப் படிக்காது, துடைத்துத் துடைத்து மூன்று முறை வைக்க வேண்டும், பின்னால் நிற்கிறவன் ஹார்ன் அடிப்பான். இரவு வீடு திரும்பும்போது மணி எட்டரை, ஒன்பது. என் பெரியவள் நடக்கப் பழகியதை நான் போனில்தான் பார்த்தேன்.

உங்களுக்கு அந்த மோட்டாரும் கிடையாது. மலேசியப் பதிவு வண்டியை சிங்கப்பூர்க் குடிமகன் சிங்கப்பூருக்குள் ஓட்டக் கூடாது. அப்படியென்றால் மவுண்ட் ஆஸ்டினிலிருந்து ஜொகூர் பாரு குடிநுழைவுச் சாவடி வரை ஒரு வண்டி, அங்கே இறங்கி வரிசை, 950 அல்லது 170 பேருந்து, உட்லண்ட்ஸில் இறங்கி மறுபடி வரிசை, மறுபடி பேருந்து. மாதம் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டீர்கள், மாதம் எத்தனை மணி நேரம் போகிறது என்று போட்டீர்களா?

தெப்ராவ்_அக்கா
தம்பி சொல்வது பொய்யில்லை, ஆனால் அது கதையின் ஒரு பாதி. நாங்கள் சிங்கப்பூர் ஈசூனிலிருந்து இங்கே ஜொகூருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது, அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். வந்த முதல் நாலு மாதம் நான் தினமும் அழுதேன். மின்சார மீட்டரை என் பெயருக்கு மாற்றவும், வீட்டுக்கு இணையம் போடவும் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாது, மலாய் மொழியில் 'தண்ணீர் வரவில்லை' என்று சொல்லக்கூட வராது. கூரைத் தொட்டி எதற்கு என்று முதல் தண்ணீர் வெட்டு வந்த அன்றுதான் புரிந்தது. கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாத ஊர், கீழே இறங்கினால் கடை என்று பழகிய காலுக்கு அது பெரிய இடி.

அப்புறம்தான் மாறியது. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (அத்தை) மீன் வாங்கப் போகும்போதெல்லாம் என்னைக் கூட்டிப்போனார், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விலை கேட்டுக் கேட்டே மலாய் வந்துவிட்டது. பிள்ளைகள் வாசலில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி எல்லாம் என் மண்ணில் நிற்கிறது. ராஜமாரியம்மன் கோயிலுக்குப் போனால் ஊரே தமிழ் பேசுகிறது, நான் பேசுவதைக் கேட்டுவிட்டு 'சிங்கப்பூரா?' என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள், கடையில் நான் பரோட்டாவை பிராட்டா என்று கேட்பேன், அவர்கள் ரொட்டி சானாய் என்று எழுதிக்கொள்வார்கள். காசுக்காக வந்தால் ஒரு வருடத்தில் திரும்பிவிடுவீர்கள். மாமியாருக்காக வருகிறீர்கள் என்றால் வாருங்கள், நீலவானம். விழுந்த அம்மாவை வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து எந்த மகளாலும் நிம்மதியாக இருக்க முடியாது.

எல்லைக்கோடு
அக்கா, 2020 மார்ச் 18 அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று தெரியாது. நான் சிங்கப்பூரில் நண்பன் வீட்டு ஹாலில் இருந்தேன், மனைவியும் கைக்குழந்தையும் ஜொகூரில் ஸ்கூடாயில். எல்லை மூடப் போகிறது என்று முதல் நாள் இரவுதான் கம்பெனியில் சொன்னார்கள், இரண்டு வாரம்தானே என்று ஒரு பையோடு வந்தேன். அந்த ஆகஸ்டில் ஓர் ஏற்பாடு வந்தது, குறைந்தது 90 நாள் வேலை செய்தபின் வீட்டுக்குப் போய்வரலாம் என்று, ஆனால் போனாலும் தனிமைப்படுத்தல், திரும்பினாலும் தனிமைப்படுத்தல், அதற்குள் வேலை இருக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நான் போகவில்லை. 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்குப் பேருந்து விட்ட பிறகுதான் போனேன். குழந்தை என்னைப் பார்த்து அழுதது, அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. நிலவழி எல்லை முழுசாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1.

நெரிசல், வாடகை, மாற்று விகிதம் எல்லாவற்றையும் பேசுகிறோம். அது இரண்டு நாடு என்பதை மறந்துவிடுகிறோம். நடுவில் ஒரு கதவு இருக்கிறது, சாவி நம் கையில் இல்லை.

தெப்ராவ்_அக்கா
உங்களுக்கு நடந்ததைப் படித்துக் கண் கலங்கிவிட்டது தம்பி. நாங்கள் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இங்கே வந்திருந்தோம், எங்கள் வீட்டிலும் அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார், அதனால் இதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் நூறு வருடத்தில் ஒரு தடவை வந்த நோயை வைத்து மீதி வாழ்க்கையை முடிவுசெய்ய முடியாது. இனி ஆர்டிஎஸ் ரயில் வருகிறது, ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நாலு கிலோமீட்டர், ஐந்து நிமிடம், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை. இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறுகிற இடத்திலேயே முடிந்துவிடும். 2026 இறுதியில் தொடங்குவதாக அறிவித்திருக்கிறார்கள். இதற்குத்தானே இத்தனை வருடம் காத்திருந்தோம்?

காலை_நாலுமணி
ரயில் நல்லது அக்கா, நானும் காத்திருக்கிறேன். ஆனால் மவுண்ட் ஆஸ்டின்காரர் புக்கிட் சாகாருக்கு எப்படி வருவார்? தெப்ராவ் நெடுஞ்சாலையில் காலை நெரிசலைக் கடந்துதான் வர வேண்டும், வந்து வண்டியை எங்கே நிறுத்துவார்? இப்போது ஓடுகிற ஷட்டில் தெப்ராவ் ரயிலும் ஐந்து நிமிடம்தான், காலை நேர டிக்கெட் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? ஐந்து நிமிடம் என்பது ரயிலின் நேரம், அண்ணனின் நேரம் இல்லை.

வகுப்பறை
யாரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை. நான் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர். நீலவானம், மகனை எந்தப் பள்ளியில் போடப் போகிறீர்கள்? இங்கேயே தொடரட்டும் என்றால் ஒன்பது வயதுப் பிள்ளையை நாலரைக்கு எழுப்ப வேண்டும். என் வகுப்பில் அப்படி வருகிற பிள்ளைகள் உண்டு. காலைப் பாடத்தில் கண் செருகும், இரண்டாம் இடைவேளைக்குப் பிறகு எழுதுகிற கையெழுத்தே வேறு மாதிரி இருக்கும். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, ஆனால் அந்தப் பிள்ளை தூங்கும்போது எழுப்பவும் மனம் வராது.

அங்கே தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் அது வேறு உலகம். கணிதமும் தமிழில், நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பாக்கியம் அது, மறுக்கவில்லை. இங்கே தமிழ் ஒரு பாடம், அங்கே அது பள்ளியின் பேச்சு. ஆனால் மூன்றாம் வகுப்பு வரை ஆங்கிலத்தில் படித்தவன் திடீரென மலாய், தமிழ் இரண்டையும் முழு வேகத்தில் பிடிக்க வேண்டும், இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் எல்லாம் மலாய்க்கு மாறிவிடும். பிறகு சிங்கப்பூருக்குத் திரும்ப நினைத்தால் இடம் கிடைக்கத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். 13 வயதிலிருந்து நீண்ட காலம் வெளிநாட்டில் இருக்க அவனுக்கு எக்சிட் பெர்மிட் தேவைப்படும், தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) காத்திருக்கிறது. மகளுக்கு 5 வயதுதான், அவளுக்கு இது சுலபம். உங்கள் மகன் வயதுதான் மிகக் கடினமான வயது.

எல்லைக்கோடு
இன்னொன்று. உங்கள் மனைவியின் நிரந்தரவாசத் தகுதி. மறுநுழைவு அனுமதி காலாவதியானபின் சிங்கப்பூருக்கு வெளியே இருந்து, குறித்த காலத்துக்குள் புதிதாக விண்ணப்பிக்காவிட்டால் அந்தத் தகுதியே போய்விடும். வேலையும் இல்லாமல், வீடும் அங்கே என்றால் அடுத்த முறை புதுப்பிப்பார்களா என்று யோசியுங்கள். மசேநி (மத்திய சேம நிதி) சந்தாவும் அவர் வேலையை விட்ட அன்றோடு நின்றுவிடும். அக்கா சொன்ன முருங்கை மரத்தோடு சேர்த்து இதையும் எழுதி வையுங்கள்.

தெப்ராவ்_அக்கா
அதை நான் ஒத்துக்கொள்கிறேன், அது பெரிய விஷயம், முதலில் அதை விசாரியுங்கள். ஆனால் எல்லோரும் இழப்பதையே பட்டியல் போடுகிறீர்களே, அந்த அம்மா தனியாகக் குளியலறைக்குப் போகிறார் என்பதை யாராவது ஒரு வரி எழுதினீர்களா? அவரை சிங்கப்பூருக்குக் கூட்டிவந்து வைத்துக்கொள்வது அவ்வளவு எளிதா? வருகை அனுமதி முடிந்ததும் திரும்ப வேண்டும், வெளிநாட்டவருக்கான மருத்துவக் கட்டணம் வேறு. மூன்று பேருடைய சௌகரியத்துக்கு ஒரு வயதானவர் காத்திருக்க வேண்டுமா?

வகுப்பறை
காத்திருக்க வேண்டாம் அக்கா. குடும்பத்தோடு போக வேண்டும் என்றால் ஜொகூரிலேயே வேலை தேடிக்கொண்டு போகட்டும், சம்பளம் குறையும், ஆனால் அப்பா இரவு சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். இன்றைக்கு உழைக்கிற இடம் ஒன்று, தூங்குகிற இடம் ஒன்று என்று பிரித்து வைத்துவிட்டு அதைக் குடியேறுவது என்கிறோம்.

தெப்ராவ்_அக்கா
சொல்வது சுலபம் ஆசிரியரே. வீட்டுக் கடன் வெள்ளியில், சம்பளம் ரிங்கிட்டில் என்றால் அந்த இரவுச் சாப்பாடு எப்படி வரும்?

நீலவானம்
எல்லாவற்றையும் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். அவர் நிரந்தரவாசத் தகுதியைப் பற்றிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பணத்தைப் பற்றி மட்டும்தான் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன். வீட்டை வாடகைக்கு விடுவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம். ஜூன் பள்ளி விடுமுறை நாலு வாரமும் எல்லோரும் கூலாயில் மாமியார் வீட்டில் தங்கப் போகிறோம், நான் அங்கிருந்தே தினமும் வேலைக்கு வந்து போகிறேன், விடுப்பு எடுக்காமல், ஒருநாள்கூட உட்லண்ட்ஸ் வீட்டில் தங்காமல். மாமியாரின் குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் இந்தச் சனிக்கிழமையே போட ஆள் சொல்லிவிட்டேன்.

காலை_நாலுமணி
கூலாய் இன்னும் தூரம் அண்ணே, மவுண்ட் ஆஸ்டினைவிடக் கூடுதலாக அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலையும் வெள்ளி மாலையும்தான் உண்மையான சோதனை. ஜொகூரில் 2025 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியபிறகு இரண்டு பக்கக் கூட்டமும் ஒரே நேரத்தில் வருகிறது. கடப்பிதழுக்குப் பிளாஸ்டிக் உறை வாங்கிவிடுங்கள், மாற்றுச் சட்டை ஒன்றைக் கம்பெனியில் வையுங்கள். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நான் எழுதி அனுப்புகிறேன்.